முழங்கைக்குக் கீழே

புருஷன் கையைச் சுட்டுக்கொண்டதற்காகத் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவள் போடிநாயக்கனூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அடுப்பில் இருந்த பால் பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டு அவர் "ஆத்தாடி" என்று அலறினார். எதிர்வீட்டுக்காரர்கள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது, நடுவீட்டில் நின்று கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்த என்னைத்தான். இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். சூடு அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது என்று விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அந்த விரல்கள் அவரோடு பிறந்தவை அல்ல. அதனால்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

என் வீட்டுக்காரர் சுருளிவேல் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். காலையில் போடியில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, மேலே கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். ஒரு நாள் தோட்டத்தில் சும்மா நிற்கிறோமே என்று, தண்ணீர்க் குழாய்களை ஜீப்பின் மேல் ஏற்ற ஒத்தாசை செய்யப் போனார். நீளமான அலுமினியக் குழாய். மேலே போன கரண்டு கம்பியை யாரும் கவனிக்கவில்லை. உயிர் தப்பியது. இரண்டு கைகளையும் முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

கை இல்லாமல் இருந்த காலத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. பேசினால் யார் மீதாவது கோபம் வரும். "பாவம், இந்தச் சின்ன வயசுல உனக்கு இப்படியா" என்று துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தியை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனுஷன் செத்தா போனார்? கைதானே போனது!

கொச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இறந்தவர்களின் கையை எடுத்து வைத்துத் தைக்கிறார்கள் என்று செய்தி கொண்டுவந்தவர் பாண்டித்துரை அண்ணன். அவர் இவருடைய சிநேகிதர், ஜீப் முதலாளி. போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்து காத்திருந்தோம். காத்திருந்து காத்திருந்து, வராது என்று நானே முடிவுகட்டிவிட்ட சமயத்தில் போன் வந்தது. பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு கல்லூரிப் பையனின் கைகளைக் கொடுக்க அவனுடைய அம்மா சம்மதித்திருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இன்றைக்கும் சாமி கும்பிட்டு முடித்ததும் மேற்கே திரும்பி அவளுக்கும் ஒரு கும்பிடு போடுகிறேன்.

வந்த கைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. இவரோ நல்ல கறுப்பு. கட்டுப் பிரித்த அன்று என் மாமியார் மொக்கம்மாள் மகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னடா அப்பு, தொரை வீட்டுக் கையாட்டம் இருக்கு" என்றாள். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் மூவரும் சிரித்தோம். இரண்டு மூன்று வருஷத்தில் அந்தக் கைகளும் கறுத்து இவர் நிறத்துக்கே வந்துவிட்டன. டாக்டர்கள் அதற்கு ஏதேதோ காரணம் சொன்னார்கள். போடி வெயில் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். முழங்கைக்குக் கீழே தையல் போட்ட தழும்பு மட்டும், வளையல் மாட்டியது மாதிரி, சுற்றிலும் நின்றுவிட்டது.

கையை வைத்தாகிவிட்டது, இனி என்ன கவலை என்று ஊர் நினைத்தது. கவலை அப்புறம்தான் ஆரம்பித்தது. முதல் வருஷம் முழுக்க அவை சும்மா தொங்கின. தைத்த இடத்திலிருந்து விரல் நுனி வரைக்கும் நரம்பு மெள்ள மெள்ள வளர்ந்து வரவேண்டுமாம். விரல் பழக மணி கோக்கச் சொன்னார்கள். மணிக்கு நான் எங்கே போவேன்? நான் வேலை பார்ப்பது ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தூசி ஏறாமல் இவர் மூக்கில் துணியைக் கட்டிவிட்டு, ஒரு தட்டு ஏலக்காயை முன்னால் கொட்டினேன். வெடித்த காய் இந்தப் பக்கம், முழுக்காய் அந்தப் பக்கம்.

ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் தட்டைத் தட்டிவிட்டார். வீடு பூராவும் ஏலக்காய் உருண்டது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அவர் முன்னாலேயே திரும்பக் கொட்டினேன்.

"நீ என்ன எனக்குப் பொண்டாட்டியா, போலீஸ்காரியா?" என்றார்.

"ரெண்டுந்தான். வெரசா பிரிங்க மாமா. எனக்கு வேற சோலி இருக்கு."

அப்படித்தான் வந்தது ஒவ்வொன்றும். டம்ளர் பிடித்தார், சோறு பிசைந்தார், போனில் நம்பர் அழுத்தினார். எல்லாம் முழுசாக வந்துவிட்டது என்று சொன்னால் பொய். சுண்டுவிரல் இரண்டும் இன்றைக்கும் சரியாக மடங்காது. சட்டையின் கழுத்துப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். சாகிற வரைக்கும் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையால் சர்க்கரை வேறு வந்து சேர்ந்தது. மாத்திரை தப்பினால், இது நம்முடையது இல்லை என்று உடம்பு அந்தக் கைகளை விரட்ட ஆரம்பித்துவிடும். சில நேரம் மாத்திரை தப்பாமலே அது நடக்கும். தோலில் சிவப்புத் திட்டுகள் வந்தால் ஓடி வா என்று எங்கள் இருவருக்கும் பாடம் மாதிரிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இத்தனை பாடுபட்டு அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு. திரும்பவும் ஜீப்பில் ஏறி உட்காரவேண்டும். மலைக்கு ஆளேற்றிப் போகவேண்டும். மருத்துவக் குழு பார்த்து, ஓட்டலாம் என்று சான்று கொடுத்துவிட்டது. லைசன்சுக்கு அடுத்த மாதம் ஓட்டிக்காட்ட வேண்டும். பாண்டித்துரை அண்ணன் ஒரு ஜீப்பையே இவருக்கென்று ஒதுக்கிவைத்து, பொட்டிபுரம் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் கூட உட்கார்ந்து பழக்கினார். வீட்டுக்கு வந்தால் தூக்கத்தில்கூடக் கியர் மாற்றுவார். கை போன இந்த ஏழு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தேவாரத்தில் என் தங்கை சிவரஞ்சனியின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. மாத்திரைப் பெட்டியை மாமியார் கையில் கொடுத்து, வேளையைச் சொல்லிவிட்டு நாலு நாளைக்குப் போனேன். விசேஷம் முடிந்து பஸ்சில் வந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்தால், எங்கள் வீட்டு வாசல் நிலையில் வேப்பங்குலை சொருகியிருக்கிறது.

எங்கள் பக்கம் வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். மாரியாத்தாளே வந்து உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்பார்கள். அவள் இருக்கும் வீட்டில் மருந்து மாத்திரை பேச்செடுக்கக் கூடாது. தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றும் வரைக்கும் படி தாண்டக் கூடாது. வந்தவளை மனம் கோணாமல் வைத்திருந்து வழியனுப்ப வேண்டும்.

உள்ளே போனேன். தரையில் வேட்டி விரித்து, வேப்பிலை பரப்பி, அதன் மேல் இவர் படுத்திருந்தார். மாத்திரைப் பெட்டி சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

"என்ன அத்தே இது?"

"சத்தம் போடாதத்தா. ஆத்தா எறங்கியிருக்கா. கையில முத்துப் போட்டிருக்கு. குளுமையாப் பேசு."

"மாத்திரை குடுத்தீகளா?"

"ஆத்தா இருக்கயில மாத்திரை எப்படிக் குடுக்க? முந்தாநாளோட நிப்பாட்டியாச்சு. அவ பாத்துக்கிருவா."

என் தலைக்குள் என்னவோ விர்ரென்று ஏறியது. நேராக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கைகளைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கைகளிலும் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள், நடுநடுவே பொரிப்பொரியாக. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"மாமா, இது என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

சுவரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "அம்மைன்னா எறங்கிப் போயிரும் புள்ள. மத்ததுன்னா கையே போயிரும். அடுத்த மாசம் டெஸ்ட்டு வச்சிருக்கு."

என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிப் பாடம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த மனுஷன், அம்மா "அம்மை" என்று சொன்னதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். பயம். அவரை எப்படித் திட்டுவேன்?

கொச்சிக்குப் போன் போட்டு, கையைப் படம் எடுத்து அனுப்பினேன். அங்கே எங்களை நன்றாகத் தெரிந்த ஒரு நர்ஸ் உண்டு, மலையாளமும் தமிழுமாகக் கலந்து பேசுவாள். உடனே திருப்பிக் கூப்பிட்டாள். "சேச்சி, இது அம்மையா இருந்தாலும் ஓடி வரணும், இல்லெங்கிலும் ஓடி வரணும். இந்த மருந்து சாப்பிடுற ஆளுக்கு அம்மையும் ஆபத்து. அங்க நிக்கண்டா, புறப்படு!" விட்டுப்போன மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்றும் சொன்னாள்.

பாண்டித்துரை அண்ணனுக்குச் சொன்னதும் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். ஆனால் வாசலை மறித்துக்கொண்டு என் மாமியார் நின்றாள்.

"தண்ணி ஊத்தாமப் படி தாண்டுனா எம்புள்ளைக்கு ஆகாது. நான் விடமாட்டேன்."

எனக்குக் கத்தத் தெரியும். தெருவுக்கே அது தெரியும். ஆனால் அன்றைக்கு நான் கத்தியிருந்தால் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருப்பாள். மகனைக் கொல்வதற்கா நிற்கிறாள்? காப்பாற்றத்தான் நிற்கிறாள். அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து அவர் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"அத்தே, இந்தத் தெருவுல யாருக்கு அம்மைன்னாலும் ஒங்களத்தான் கூப்புடுவாக. நீங்களே சொல்லுங்க. ஆத்தா எறங்குனா மொகத்துல, நெஞ்சுல, முதுகுலயெல்லாம் முத்துப் போடுவாளா, மாட்டாளா?"

"போடுவா."

"இங்க பாருங்க." அவளுடைய விரலைப் பிடித்து அந்தத் தழும்பின் மேல் வைத்தேன். "செவப்பு தையல் வரைக்கும் வந்து நிக்குது. அதுக்கு மேல ஒரு பொட்டு இல்ல. ரெண்டு கையிலயும் அதே எடம். ஆத்தா என்ன, டாக்டர் தச்ச எடத்தப் பாத்து அளந்தா எறங்குவா?"

அவள் விரலை எடுக்காமல் வலதுகைத் தழும்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பிறகு இடதுகை. தழும்புக்குக் கீழே செக்கச்செவேல் என்று இருந்தது. மேலே இவருடைய சொந்தக் கறுப்புத் தோல், ஒரு மாசு மரு இல்லாமல். மகனைத் திரும்பி உட்காரச் சொல்லி முதுகைப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு எழுந்துபோய், வாசல் நிலையிலிருந்த வேப்பங்குலையைத் தன் கையாலேயே உருவி எடுத்தாள்.

"ஆத்தா வரலடா அப்பு. நாந்தான் வா வான்னு கூப்புட்டுக்கிட்டு இருந்திருக்கேன். கெளம்பு."

அவளும் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டிப் போகும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "ஆத்தான்னு நெனச்சா மனசு தாங்குச்சுத்தா. திரும்பவும் கையில்லாம எம்புள்ளயப் பாக்கணுமேன்னு நெனச்சப்ப தாங்கல." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் தோலில் துளியூண்டு எடுத்துச் சோதித்தார்கள். பயந்தது சரிதான். உடம்பு கைகளை விரட்ட ஆரம்பித்திருந்தது. நரம்பு வழியாகக் கடுமையான மருந்து ஏற்றினார்கள், தோலில் களிம்பு பூசினார்கள். டாக்டர் எங்கள் மூவரையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார். நான் ஊரில் இல்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. திட்டட்டும், கை பிழைத்தால் போதும் என்று நின்றேன்.

முதல் இரண்டு நாளும் சிவப்பு அசையவே இல்லை. விரல்கள் வீங்கி, கட்டையாக மரத்துக் கிடந்தன. இவர் சாப்பாட்டைத் தொடவில்லை. அப்புறம் ஒரு காலையில் புறங்கையில் ஓரமாகக் கொஞ்சம் பழைய நிறம் தெரிந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்து, "எறங்குது" என்றாள். அந்த வாரக் கடைசியில் டாக்டர் ஊசி முனையால் ஆள்காட்டி விரலைத் தொட்டபோது, இவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, "குத்துது சார்!" என்று அந்த வார்டே அதிரக் கத்தினார். டாக்டர் சிரித்துவிட்டார். அதுவரை அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

டெஸ்ட் தள்ளிப்போனது. போனால் போகட்டும். மழைக்காலம் முடிந்து போய் நின்றோம். இன்ஸ்பெக்டர் சான்றைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், மற்றவர்களை ஒரு சுற்றோடு விட்டவர் இவரைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். வளைவில் பின்னால் எடுக்கச் சொன்னார். கடைசியில் இறங்கி, இவருடைய வலது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "நல்லா இருக்கு பிடி" என்றார். வரும் வழியெல்லாம் இவர் அதையே சொல்லிச் சொல்லி என் காதைத் தின்றுவிட்டார்.

முதல் நாள் ஜீப் எடுக்கும்போது நானும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஸ்டாண்டில் பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக நின்றார்கள். இவரைப் பார்த்துச் சிரித்தார்கள், சுகம் விசாரித்தார்கள், ஆனால் ஏறவில்லை. ஒருத்தி வந்து, "தப்பா நெனச்சுக்காதண்ணே, புள்ளகுட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜீப்புக்குப் போனாள். பின்னாலேயே நாலைந்து பேர் நகர்ந்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"விடு புள்ள. அவுக உசுரு. அவுகளுக்குப் பயம் இருக்காதா?" என்றார் இவர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் முகம் செத்துவிட்டது.

என் மாமியாரும் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். எப்போதும் பின்னால்தான் உட்காருவாள், முன்சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றும். அன்றைக்கு யாரையும் பார்க்காமல் வந்து முன்சீட்டில் ஏறி, ஓரமாக உட்கார்ந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் நான் ஒடுங்கிக்கொண்டேன்.

"இதென்ன ஜீப்பா, பொணவண்டியா? ஒருத்தியும் சத்தங்காட்டாம நிக்கிறீக" என்று பின்னால் ஒரு குரல். ரோஜா என்று ஒரு பெண், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள். "எங்களுக்கு லேட்டாகுது. எடுண்ணே." அவள் ஏறினாள். அவளோடு இன்னும் சிலர் ஏறினார்கள். ஜீப் பாதிதான் நிறைந்தது. அதுவே எங்களுக்குத் திருவிழாக் கூட்டம்.

முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் எல்லார் கண்ணும் அந்தக் கைகள் மேல்தான். மடங்காத சுண்டுவிரல்கள் இரண்டும் ஸ்டேரிங்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் சும்மா பிடித்திருந்தன. இறுக்கிப் பிடிக்கவில்லை. கியர் மாற்றும்போது கையைப் பார்க்கவில்லை, பாதையைத்தான் பார்த்தார். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பாதிமலையில் பனிமூட்டம். ஒரு வளைவில் திரும்புகிற நேரத்தில், எதிரே லோடு லாரி ஒன்று மூஞ்சியை நீட்டிக்கொண்டு வந்து நின்றது. அது பின்வாங்க வழியில்லை. இவர்தான் சரிவில் பின்னால் எடுக்கவேண்டும். இந்தப் பக்கம் பள்ளம்.

இவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இடது கை ஹேண்ட் பிரேக்கை விட்டது, வலது கை ஸ்டேரிங்கை ஒடித்தது. ஜீப் பூனை மாதிரிப் பின்னால் இறங்கி மண்சுவரோரம் ஒட்டி நின்றது. லாரிக்காரன் கடந்து போகும்போது வெளியே தலையை நீட்டி, "நன்றிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு இது ஏதோ ஒரு ஜீப், யாரோ ஒரு டிரைவர். அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

திரும்பவும் ஏறினோம். உச்சிக்கு ஒரு வளைவு பாக்கி இருக்கும்போது என் மாமியார் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைக் குவித்துக் குலவை போட்டாள். கோயிலில் பொங்கப்பானை பொங்கும்போது போடுகிற குலவை. பின்னால் இருந்த பெண்கள் ஒரு கணம் திகைத்துவிட்டு, அப்புறம் ரோஜா எடுக்க, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பாதி ஜீப்புப் பெண்கள்தான். சத்தம் மலை முழுக்கக் கேட்டது.

இவருக்குக் கண் நிறைந்து வழிந்துவிட்டது. துடைக்கலாம் என்று வலது கையை எடுக்கப் பார்த்தார்.

"கையை எடுக்காதீங்க மாமா! முன்னால வளைவு இருக்கு. நான் தொடைக்கிறேன்."

முந்தானையை இழுத்து, பாதையை மறைக்காமல், இரண்டு கண்ணையும் துடைத்துவிட்டேன். கை இல்லாத காலத்திலும் இந்தக் கண்களை நான்தான் துடைத்தேன். இன்றைக்கு அவர் கைகளுக்கு வேலை இருந்தது, அதனால் துடைத்தேன்.